தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்னக் கடை வைத்திருப்பவர் சேவைச் சங்கத்தில் இருந்துகொண்டே உள்ளூர் அரசியலில் இறங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் கடை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: லயன்ஸ் கிளப்பில் சேரச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் கூப்பிடுகிறார், அதே மாதத்தில் வார்டு தேர்தலில் நிற்கப் போகிறவரும் கடைக்கு வந்து ஆதரவு கேட்கிறார், இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா, வியாபாரம் கெட்டுப் போகுமா?

இரண்டையும் செய்யலாம். சேர்த்துச் செய்யக்கூடாது. இதை எந்தப் புத்தகத்தையும் படித்துச் சொல்லவில்லை, செய்து பார்த்துவிட்டு வருத்தப்பட்டவன் சொல்கிறேன்.

நான் சிவகாசிக்காரன். 2005-ல் டர்பனில் ஒரு அச்சகத்துக்கு மெஷின் ஓட்ட வந்தேன், 2012-லிருந்து அதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சொந்த அச்சகம், என்னையும் சேர்த்து நான்கு பேர் வேலை செய்கிறோம். கல்யாணப் பத்திரிகை, காவடி நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், பிரியாணி டிக்கெட், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் போஸ்டர், இதுதான் பிழைப்பு. சேவைச் சங்கத்தில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். லயன்ஸா ரோட்டரியா என்று இங்கே சொல்லவில்லை, ஏனென்றால் கீழே சொல்லப்போகும் தவறு என்னுடையது, சங்கத்துடையது இல்லை.

கிளப் என்றதும் கோட்டு போட்டுக்கொண்டு ஓட்டலில் சாப்பிடுகிற கூட்டம் என்று ஊரில் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கூட்டம் மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து நடக்கும். யாராவது சமோசா கொண்டுவருவார்கள், ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் போன கூட்டத்தின் குறிப்பை வரி விடாமல் வாசிப்பார், அப்புறம் பணம் எப்படித் திரட்டுவது என்ற பேச்சு தொடங்கும். பிரியாணி விற்பனை என்றால் காலை மூன்று மணிக்கே அண்டா ஏற்ற வேண்டும், பதினோரு மணிக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள் டப்பாவுக்கு வரிசையில் நிற்பார்கள். துன்னி போட்டி என்றால் வேலை குறைவு. இந்த ஊர்க்காரர்கள் இருபத்துநான்கு சீட்டில் ஆடுகிற ஆட்டம் அது, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, நான்கு ஜாதியையும் கூட்டினால் 304, நம் யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆடுகிற 304-க்கு அண்ணன் தம்பி உறவு. ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க அறுபது ஜோடி உட்கார்ந்து ஆடினால் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் பல மாதத்துக்குக் கவலை இல்லை.

வியாபாரிகள் ஏன் இதில் அதிகம் என்று கேட்டால், தொடக்கமே அப்படித்தான். ரோட்டரியை 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ஆரம்பித்தார், உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் அந்தப் பெயர். லயன்ஸும் 1917-ல் அதே ஊரில் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ் வியாபாரி, தங்கள் வியாபாரிகள் வட்டம் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று தொடங்கியது. அதனால் சங்கத்தில் சேர்ந்தால் நாலு பேர் தெரிவார்கள், கடைக்கு வருவார்கள் என்று நினைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எனக்கும் வந்தார்கள், நான் அவர்களுக்கு ஒழுங்காக வேலை செய்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

சரி, தவறுக்கு வருகிறேன்.

2021 எப்படிப்பட்ட வருடம் என்று டர்பனில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜூலைக் கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டு, ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை நின்று, அதற்குப் பிறகு எத்தனையோ கடைகள் திறக்கவே இல்லை, அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளாட்சித் தேர்தல் நவம்பர் 1 திங்கட்கிழமை, தீபாவளி அதே வாரம் வியாழன் 4-ஆம் தேதி. எங்கள் சங்கம் தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை 140 வீட்டுக்குத் தீபாவளி ஹாம்பர் கொடுப்பதாக முடிவு செய்தது. ஐந்து கிலோ அரிசி, மீலி மாவு என்கிற மக்காச்சோள மாவு, எண்ணெய், துவரம் பருப்பு, டின் மீன், டீத்தூள், ஒரு சின்ன டப்பாவில் பர்ஃபி. பட்டியல் பள்ளி ஆசிரியர்களும் கோயில்காரர்களும் கொடுத்தது, அதில் ஒரு பெயரும் தப்பு இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வேட்பாளருக்கு நான் போஸ்டர் அடித்துக்கொண்டிருந்தேன், விளக்குக் கம்பத்தில் கட்டுகிற பிளாஸ்டிக் போர்டு, நானூறு. கவுன்டரில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஹாம்பர் எப்போது, எங்கே என்று கேட்டார், சொன்னேன். நல்ல மனுஷன், வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். நான் அப்போது சங்கச் செயலாளர், அவர் எனக்கு வாடிக்கையாளர், ஒரே வாயால் இரண்டு பேருக்காகவும் பேசினேன்.

சனிக்கிழமை ஆறு பேரோடு வந்தார், ஆறு பேரும் கட்சி டீ-ஷர்ட். மேசைக்குப் பின்னால் வந்து நின்று ஹாம்பரை அவரே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார், கூட வந்த பையன் ஒவ்வொருவரையும் படம் பிடித்தான். எங்கள் தலைவர் அண்ணா பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தார், நான் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டு நின்றேன், நிறுத்தச் சொல்லவில்லை. சங்கக் கூட்டம் என்றால் ஒரு அச்சுப்பிழைக்கு அரைமணி நேரம் வாதாடுகிற நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூடப் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அரிசிப் பையைக் கையில் வாங்கிக்கொண்டே எப்படிச் சொல்வார்கள்?

தேர்தல் முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, ஒரு ஆயா அச்சகத்துக்கு வந்தார். எங்கள் கடை இருக்கும் மேட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு வீட்டில் இருப்பவர், எண்பதை நெருங்குகிற வயது. வெள்ளைப் பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் தூக்கி கவுன்டர் மேல் வைத்தார். அரிசிப் பையின் தையல் பிரிக்கவில்லை, எண்ணெய் பாட்டில் மூடியில் சீல் அப்படியே இருந்தது, பர்ஃபி டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள், ஆனால் அந்தத் தலைமுறை ஆயாக்கள் சிலரிடம் வீட்டுத் தமிழ் இன்னும் இருக்கிறது.

"தம்பி, நான் வேற ஆளுக்கு ஓட்டுப் போட்டுட்டேன். இத வச்சிக்கிட்டா பாவம்."

ஆயா, இது சங்கம் கொடுத்தது, ஓட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

"படம் எடுத்தாங்களே," என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மகளிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த 140 வீட்டில் எத்தனை பேர் இதே நினைப்போடு அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த கூட்டத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன், செயலாளர் பதவியை விட்டேன். சங்கம் மூன்று விஷயம் எழுதி வைத்தது. பொருள் வாங்குகிறவரைப் படம் எடுப்பதில்லை, எப்போதுமே. தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போதிலிருந்து எந்தக் கட்சி வேட்பாளரையும் கட்சிச் சின்னத்தையும் நம் நிகழ்ச்சியில் விடுவதில்லை. நம்மில் யாராவது தேர்தலில் நின்றால் சங்கப் பொறுப்பிலிருந்து விலகிவிட வேண்டும், உறுப்பினராக இருக்கலாம்.

இது வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. லயன்ஸின் நோக்கங்களிலேயே பொது விஷயம் எல்லாவற்றையும் மனம் திறந்து பேசலாம், ஆனால் கட்சி அரசியலும் மதப் பிரிவு வாதமும் உறுப்பினர்கள் விவாதிக்கக்கூடாது என்று இருக்கிறது. அதைவிடக் கடுமையானது வருமான வரிச் சட்டம். இங்கே பொதுநல அமைப்பு என்று ஒப்புதல் வாங்கிய எந்தச் சங்கமும் தன் பணம், பொருள், வசதி எதையும் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ ஒரு கட்சியை ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக்கூடாது என்று 30-வது பிரிவு சொல்கிறது. அந்த ஒப்புதல் போனால் 18ஏ ரசீது கொடுக்க முடியாது, அந்த ரசீதை நம்பித்தான் உங்களையும் என்னையும் போன்ற கடைக்காரர்கள் நன்கொடையை வரிக்கு உட்பட்ட வருமானத்தில் கழிக்கிறோம். ஒரு வேட்பாளர் நாலு படம் எடுத்ததற்காகச் சங்கத்தின் பல வருட உழைப்பைப் பணயம் வைக்க முடியுமா?

இனி அரசியல் பக்கம். கடைக்காரர் அரசியலை விட்டு ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். இந்த ஊரில் நம்மவர்கள் அரசியலைத் தொடங்கியதே கடைக்காரர்கள்தான். 1894-ல், டர்பன் இருந்த நேட்டால் காலனியில் இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வந்தபோது, டர்பன் வணிகர்கள் காந்தியை வைத்துக்கொண்டு நேட்டால் இந்தியன் காங்கிரஸைத் தொடங்கினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அதற்குச் சந்தா வருடத்துக்கு மூன்று பவுண்டு. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்த நம் ஆட்களுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங், அப்படியென்றால் சந்தாவுக்கே ஆறு மாதச் சம்பளம் போக வேண்டும். அவர்கள் உள்ளே வர முடியவில்லை. கூலி ஜனங்களும் தமிழ்ப் பெண்களும் 1913-ல் தெருவுக்கு வந்த பிறகுதான், ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலையில் சுமத்தியிருந்த மூன்று பவுண்டு வரி 1914-ல் ஒழிந்தது. கடைக்காரர் கூடிப் பேசினால் கடைக்காரர் கஷ்டம் மட்டும்தான் பேசப்படும், அது கெட்ட எண்ணத்தால் இல்லை, நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உங்களுக்கு நடைமுறையில் உதவுகிற மாதிரிச் சொல்கிறேன். வேட்பாளர் உங்களுக்குப் பிடித்தவர் என்றால் உங்கள் பெயரில், உங்கள் பணத்தில் ஆதரியுங்கள், ரசீது வாங்குங்கள். 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்சி நிதிச் சட்டம் பெரிய நன்கொடைகளை வெளியே சொல்ல வைக்கிறது, வணிக முறைக்கு மாறாகச் சும்மா செய்து கொடுத்த வேலையையும் கொடுத்த பொருளையும்கூட நன்கொடையாகத்தான் பார்க்கிறது, ஆகவே "அண்ணா, பெயின்ட் மட்டும் சும்மா குடுங்க" என்று வந்தால் பில் போட்டுவிட்டுக் கொடுங்கள். முன்பணமும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் அடித்த நானூறு போர்டில் பாதிப் பணம் இன்னும் வரவில்லை. கடைக் கண்ணாடியில் போஸ்டர் ஒட்டச் சொன்னால் நான் ஒட்டமாட்டேன், எல்லாக் கட்சிக்காரனும் ஆணி வாங்க வருகிற இடம் அது. நாளைக்கு நீங்களே நிற்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கவுன்சிலரானால் அறுபது நாளுக்குள் உங்கள் தொழில், சொத்து விவரம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும், உங்கள் கடை மாநகராட்சிக்குக் குழாயோ சிமென்ட்டோ விற்கவும் முடியாது. அந்த வியாபாரம் இப்போது இருக்கிறதென்றால் முதலில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

ஆனால் எனக்கு உண்மையாகவே முக்கியமாகப் படுவது தேர்தல் வருகிற வருடம் இல்லை, வராத நான்கு வருடம். மாநகராட்சியின் கணக்கு வருடம் ஜூலை 1-ல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்குத் தொண்ணூறு நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவுக்குள், மன்றத்தில் வைக்க வேண்டும், அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் போனால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். வார்டு கமிட்டி என்று ஒன்று உண்டு, கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை இருக்கலாம், அதற்கு ஆள் கேட்கும்போது கடைக்காரர்கள் நேரமில்லை என்று விட்டுவிடுவோம், பிறகு ரோடு விளக்கு எரியவில்லை என்று வருடம் முழுக்கப் புலம்புவோம். 2021-ல் பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை, நாடு முழுக்க 46 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான். வருகிறவர்கள் இவ்வளவு குறைவு என்றால், வந்து பேசுகிறவர் சொல்லுக்கு எடை இருக்கும்.

எங்கள் கடை வரிசைக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய் அடைத்துக் கிடந்தது. ஒன்பது கடைக்காரர்களும் மாறி மாறிப் புகார் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கொடுத்த நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்தோம், இரண்டு வருடத்தில் பதினான்கு நம்பர். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நடந்த ஒரு பட்ஜெட் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன், சங்கத்தின் மேல்சட்டை வீட்டில் ஆணியில் தொங்கியது, சாதாரணச் சட்டையில் போனேன். எங்கள் கால்வாய் அடைத்தால் தண்ணீர் போய் இறங்குகிற இடம் கீழே இருக்கும் அடுக்கு வீடுதான், அதனால் அந்த ஆயாவையும் மகளையும் முதல் நாளே போய்க் கூப்பிட்டிருந்தேன். நான் எழுந்து பதினான்கு நம்பரையும் வாசித்தேன். ஆயா எனக்குப் பிறகு எழுந்தார், மகள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறியது, படுக்கையை எதன் மேல் தூக்கி வைத்தார்கள், எத்தனை நாள் சுவர் ஈரமாக இருந்தது என்று கையை உயர்த்தி அளவு காட்டிக் காட்டிப் பேசினார். நான் பேசும்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, அவர் பேசும்போது குனிந்து எழுத ஆரம்பித்தார். வேலைக்கு ஆள் வர இன்னும் ஒரு வருடம் ஆனது, கால்வாய் இப்போது திறந்திருக்கிறது.