வெறும் சட்டை

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தம்பி ஊரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கி விளையாட்டு விளையாடுவான். போன மாதம் அம்மாவின் போனிலிருந்து 1,840 ரூபாய் போயிருந்தது. விசாரித்தால், டைமண்ட் என்ற விளையாட்டுக் காசை வாங்கி, ‘ஸ்பின்’ என்ற அதிர்ஷ்டச் சக்கரத்தைச் சுற்றியிருக்கிறான். எல்லாம் அந்த விளையாட்டில் வரும் பொம்மைக்குத் துணி எடுக்க! அம்மா வீட்டில் தையல் மெஷின் ஓட்டிச் சேர்த்த காசு அது. கோபத்தில் ஊருக்குப் போய் அடித்துவிட்டேன். பலம் கூட்டுகிற பொருள் என்றாலாவது புரிந்துகொள்ளலாம். வெறும் சட்டைக்கு ஒருவன் ஏன் பணம் கொடுக்கிறான்? இது நோயா? இவற்றை மொத்தமாகத் தடை செய்தால் என்ன? இதையெல்லாம் உங்களிடம் கேட்பதற்கு மன்னிக்கவும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மன்னிப்பு எதற்கு? என் அக்கா மகன் இதே விளையாட்டை எனக்கு ஒரு மாலை முழுக்கக் காட்டினான். அன்றிலிருந்தே இதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோயா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். தடை? 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை இந்தியாவில் தடை செய்தார்கள். அதே விளையாட்டின் இன்னொரு வடிவமான மேக்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் தம்பி விளையாடுவது அதைத்தான். அந்தப் பேச்சு அதோடு சரி.

நான் நின்றுபோன இடம் ‘வெறும் சட்டை’. பலம் கூட்டினால் புரிந்துகொள்வேன் என்கிறீர்கள். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இதை நேர் எதிராகச் சொல்வார்கள். காசு கொடுத்துப் பலம் வாங்கினால் அது அழுகுணி ஆட்டம், வெறும் அலங்காரம் என்றால் போகட்டும் என்பார்கள். விற்கும் கம்பெனிகளுக்கும் இது வசதியான பதில். (இந்த விளையாட்டில் அதுவும் முழு உண்மை இல்லை. சில துப்பாக்கிகளுக்கு வாங்கும் ‘ஸ்கின்’, அதாவது மேல்பூச்சு அலங்காரம், சுடும் வேகத்தையோ அடியின் பலத்தையோ கூட்டும்.) நீங்களும் கம்பெனியும் எதிரெதிர்க் கரையில் நின்றுகொண்டு அதே ‘வெறும்’ என்ற சொல்லைத்தான் சொல்கிறீர்கள்.

உங்கள் அம்மா தைக்கிறவர். சாதா ப்ளவுஸுக்கு என்ன கூலி, ஆரி வேலை வைத்த ப்ளவுஸுக்கு என்ன கூலி என்று அவரிடம் கேளுங்கள். ஆரி வேலை குளிரைத் தடுக்குமா, வேர்வையை உறிஞ்சுமா? முதுகில் ஒரு மயில், அவ்வளவுதான். அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். அந்த ‘வெறும்’ மயிலில் உங்கள் வீட்டு அரிசியும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் படித்ததிலும் இருக்கும். அலங்காரத்தை இளப்பமாகப் பேச ஊரில் யாருக்கு உரிமை இருந்தாலும் உங்களுக்குக் கிடையாது.

அந்த விளையாட்டில் காசு செலவழிக்காமல் நுழைகிற பையனுக்கு என்ன பெயர் தெரியுமா? ஆதாம். முதலில் கிடைக்கும் பாத்திரத்தின் பெயரே அதுதான். சாதா உடுப்பில் வருகிறவனை ‘ஏ ஆதாம்’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்களாம். அமெரிக்கப் பிள்ளைகள் ஃபோர்ட்நைட் என்ற இதே மாதிரி விளையாட்டில், சும்மா கிடைத்த உடுப்போடு வருகிறவனை ‘டிஃபால்ட்’ என்று சொல்லித் திட்டுகிறார்கள். சில சூரப்புலிகள் வேண்டுமென்றே ஆதாமாக வந்து எல்லோரையும் சுட்டுவிட்டுப் போவதும் உண்டு என்றான் அக்கா மகன். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் சூரப்புலி?

எனக்குப் பம்பரம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன் நான், கடைசல் சாமான்களுக்குப் பேர்போன ஊர். சாதாப் பம்பரம் ஐம்பது பைசா. அரக்குச் சாயம் ஏற்றி, சிவப்பும் மஞ்சளுமாக வளையம் போட்டது ஒன்றே கால் ரூபாய். சுற்றுவதில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. என் பம்பரம் முழுக்க ஆக்கர், அம்மைத் தழும்பு மாதிரி. அந்த ஒவ்வொரு குழியையும் யார் குத்தினான் என்று என்னால் சொல்ல முடியும். இன்றைக்கு அதைப் பெருமையாக எழுதுகிறேன். அன்றைக்கு அதைக் கால்சட்டைப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் அம்மா வைத்திருந்த காசை எடுத்தேன். வளையம் போட்ட பம்பரம் வாங்கினேன். பந்தயத்தில் ஜெயித்து வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

இரண்டு நாளில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்தபடி, ‘விடுல, பாப்போம்’ என்றாள். விட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நிறம் நல்லாத்தான் இருக்கு’ என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிரவு குழம்பில் தாளிப்பு இல்லை. நாற்பது வருடமாகிறது, எனக்கு இன்னும் அந்தக் குழம்பு இறங்கவில்லை.

நீங்கள் அடித்தீர்கள். ஓசூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், வழியெல்லாம் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்து, பதினான்கு வயதுப் பையனை அடித்திருக்கிறீர்கள். பறிகொடுத்தவர் அம்மா. அவர் அடித்ததாக நீங்கள் எழுதவில்லை. இதில் உங்களை யார் கூப்பிட்டார்?

சரி, கோபம் வேண்டும்தான். எதன் மேல் என்று சொல்கிறேன். அம்மாவிடம் ப்ளவுஸ் தைக்க ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கூலியைச் சொல்வதில்லை. ‘முதலில் ரூபாயைக் கொடுத்து என்னிடம் பாசிமணி வாங்கிக்கொள்’ என்கிறார். மணி நூறாகத்தான் கிடைக்கும், கூலியோ நூற்றிருபது மணி. இருநூறாக வாங்கினால் எண்பது மிஞ்சும், அது கையில் உறுத்திக்கொண்டே இருக்கும். அதற்கும் மேலே, ‘மணியைப் போட்டுவிட்டு இந்தப் பைக்குள் கையை விடு. ஆரி ப்ளவுஸும் வரலாம், கைக்குட்டையும் வரலாம்’ என்கிறார். உங்கள் தெருவில் அம்மாவை விட்டுவைப்பார்களா? டைமண்டும் ஸ்பின்னும் இதுதான். சட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். விலையை மறைத்து, பையைக் குலுக்கி விற்கிறார்களே, அங்கே போய்க் கத்துங்கள்.

கத்தியவர்கள் இருக்கிறார்கள். 2006-ல் ஆப்லிவியன் என்ற விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. சிரித்ததோடு சரி, வியாபாரம் வளர்ந்தது. 2018-ல் பெல்ஜியம் இந்தக் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் கம்பெனி அமெரிக்க அரசோடு 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி, தெரியாமல் பட்டன் பட்டு வாங்கிவிட்டவர்களுக்கும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் செலவழித்ததற்கும் திருப்பித் தர. அந்தப் பிள்ளைகளுக்கும் உங்கள் தம்பி வயதுதான் இருக்கும்.

அம்மாவின் போனில் ரகசிய எண்ணை மாற்றுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். பணம் திரும்புமா என்றால், கூகுளிடம் 48 மணி நேரத்துக்குள் கேட்டிருந்தால் சுலபமான வழி இருந்தது. நீங்கள் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்தீர்கள்.

உங்கள் கடிதத்தில் தம்பிக்குக் கடைசியில் அந்த ஸ்பின்னில் என்ன விழுந்தது என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை, அப்படித்தானே? இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு அவனிடம் கேளுங்கள். என்ன நிறம் என்று எனக்கும் எழுதுங்கள்.