கர்ப்பகாலத்தில் எந்தப் புத்தகம்? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு இது முதல் கர்ப்பம். நான்காம் மாதம் நடக்கிறது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். செய்தி தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு வருகிறார்கள். பெரியம்மா தன் மகளுக்காக வாங்கி வைத்திருந்த, அட்டை கிழிந்த பழைய தமிழ் நூல் ஒன்று; அலுவலகத் தோழி கொடுத்த தடித்த அமெரிக்க நூல் ஒன்று; குழந்தையைக் கருவிலேயே அறிவாளியாக்கும் வழி சொல்லும் நூல் ஒன்று; குழந்தை வளர்ப்பைப் பற்றி இரண்டு. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. மாமியார் சொல்வதோ இவை எதிலும் இல்லை. நலவாழ்வு நூல்களைச் செம்மை செய்யும் பணியில் நீங்கள் இருப்பதால் கேட்கிறேன். இவற்றுள் எதை வைத்துக்கொள்வது, புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

அன்புடன்,
ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

வாழ்த்துகள். தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும்.

நான் மருத்துவர் அல்லள். மருத்துவர்கள் எழுதும் நூல்களைத் தமிழில் திருத்தமாகக் கொண்டுவரும் வேலையைச் செய்கிறவள். ஆகவே உங்கள் உடம்பைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. உங்கள் மேசையில் இருக்கும் நூல்களை எப்படிச் சோதிப்பது என்பதைச் சொல்ல முடியும். நூல்களின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தராததற்கும் காரணம் இருக்கிறது. நல்ல நூலுக்கும்கூட இந்தத் துறையில் ஆயுள் குறைவு. இன்று நான் பரிந்துரைக்கும் நூல் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் சில பக்கங்களில் பிழையானதாகிவிடலாம். சோதிக்கும் முறை தெரிந்திருந்தால் உங்களுக்குப் பிறகு உங்கள் தங்கைக்கும் அது உதவும்.

உங்கள் பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கர்ப்பத்தைப் பதிவுசெய்து, அரசின் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கும்போது கையில் கொடுப்பார்களே, அந்தத் தாய் சேய் நல அட்டையை நீங்கள் ஒரு புத்தகமாக எண்ணவில்லை என்று தெரிகிறது. பலரும் அதை எடையும் இரத்த அழுத்தமும் குறித்து வாங்குவதற்கான அட்டையாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த மாதத்தில் என்ன பரிசோதனை, எந்த அறிகுறி தென்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும், குழந்தைக்கு எந்த வாரத்தில் எந்தத் தடுப்பூசி, குழந்தையின் எடை எந்தக் கோட்டுக்குள் வளர வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சில பக்கங்களுக்குள் இருக்கின்றன. நீங்கள் காட்டிக்கொள்ளும் மருத்துவமனையும் உங்கள் பகுதிச் செவிலியரும் அதைப் பார்த்துத்தான் நடப்பார்கள். மற்ற நூல்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறுபடும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது பெரியம்மாவின் நூலை எடுத்துத் தடுப்பூசி அட்டவணை உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு குழந்தை நலநூலின் வயதை அட்டையையும் பதிப்பாண்டையும்விடச் சரியாக அந்தப் பக்கம் காட்டிவிடும், ஏனென்றால் பல பதிப்பகங்கள் உள்ளே ஒரு வரியும் மாற்றாமல் மறுபதிப்பு என்று புதிய ஆண்டை மட்டும் அச்சிடுகின்றன. ஆறாம் வாரத்தில் முத்தடுப்பு ஊசி என்று போட்டிருந்தால் அந்தப் பக்கம் 2011க்கு முந்தையது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், நாட்டிலேயே முதலாக, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது. தட்டம்மை ஊசி மட்டும் இருந்து ரூபெல்லா இல்லையென்றால் 2017க்கு முந்தையது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் நம் மாநிலத்தில் அதே ஆண்டில்தான் சேர்ந்தது. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021இல் வந்தது. இவையெல்லாம் இருக்கும் நூலை அண்மையில் ஒருவர் கண்ணூன்றித் திருத்தியிருக்கிறார் என்று நம்பலாம்.

அதே நூலில் இணை உணவு பற்றிய பகுதியையும் பாருங்கள். நான்காம் மாதத்திலேயே பழச்சாறும் பருப்புத் தண்ணீரும் தொடங்கச் சொல்லியிருந்தால், எழுதியவர் அறியாமையால் அப்படி எழுதவில்லை. அன்றைய அறிவுரை நான்கு முதல் ஆறு மாதம் என்றிருந்தது. 2001இல்தான் முதல் ஆறு மாதம் முழுவதும் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாக வரையறுத்தது. எனவே பெரியம்மாவின் நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குழந்தையை மார்போடு எப்படி அணைப்பது, இடுப்பு வலி பிரசவ வலியா சூட்டு வலியா என்று எப்படி அறிவது என்பவற்றை நம் வீட்டுச் சொற்களில் இவ்வளவு நிதானமாகச் சொல்லும் நூல்கள் இப்போது குறைவு. அவற்றைப் படியுங்கள், மருந்து, ஊசி, உணவு தொடங்கும் காலம் ஆகியவற்றை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

அமெரிக்க நூலின் சிக்கல் வேறு வகையானது. அது சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் அது வேறொரு மருத்துவமனை நடைமுறைக்கு எழுதப்பட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வழக்கமாக 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அளவு கூடுதலாக இருந்தால் இன்னொரு நாள் 100 கிராம் கொடுத்து மூன்று மணி நேரச் சோதனை நடக்கும். இங்கே நீங்கள் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்வார்கள். முதல் முறை பார்க்கும்போதும், மீண்டும் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் இதைச் செய்வது இந்திய வழிகாட்டுதல். வெறும் வயிற்றோடு வெகுதூரம் வந்து காத்திருக்க முடியாத பெண்களை நினைத்துச் சென்னையில் மருத்துவர் வி. சேஷய்யாவும் அவரோடு பணியாற்றியவர்களும் வலியுறுத்திய எளிய முறை இது. அமெரிக்க நூலை மட்டும் படித்துவிட்டுப் போகும் பெண், இங்கே ஏதோ தவறாகச் செய்கிறார்கள் என்று கலங்கிப்போகிறார். அந்த நூலை வாரந்தோறும் கரு எப்படி வளர்கிறது என்று அறிவதற்காகப் படியுங்கள்; அந்தப் பகுதிகள் அருமையாக இருக்கும். பரிசோதனைகளையும் உணவுப் பட்டியலையும் கடந்து செல்லுங்கள். கேல் கீரையும் சால்மன் மீனும் கிடைக்கவில்லையே என்று வருந்தாமல் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நெத்திலியும் சாப்பிடலாம்.

எடை அட்டவணையிலும் கவனம் வேண்டும். பழைய அமெரிக்க அட்டவணைகள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை அளந்து செய்யப்பட்டவை. தாய்ப்பால் குழந்தை முதல் சில மாதங்கள் வேகமாக எடை ஏறி, பிறகு சற்று மெதுவாக ஏறும். பழைய அட்டவணையில் வைத்துப் பார்த்தால் அது இளைத்ததுபோலத் தோன்றும். தாய்க்குப் பால் போதவில்லை என்று முடிவுகட்டி, அந்தப் பொய்த்தோற்றத்துக்காகப் புட்டியைக் கையில் எடுத்த குடும்பங்கள் ஏராளம். இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தையே உங்கள் அட்டை பயன்படுத்துகிறது. அது போதும்.

கருவிலேயே அறிவாளியாக்கும் நூலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வகை நூல்கள் பலவற்றில் மேலை இசை கேட்டால் குழந்தையின் அறிவு கூடும் என்ற பேச்சு வரும். அதன் மூலம் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு. அதில் இசை கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கு இட உணர்வு சார்ந்த ஒரு தேர்வில் சற்றே கூடுதல் மதிப்பெண் வந்தது. அந்தப் பயனும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. அந்த ஆய்வில் குழந்தையும் இல்லை, கருவும் இல்லை. அது கைமாறிக் கைமாறி, வயிற்றில் ஒலிப்பெருக்கி வைக்கும் பயிற்சியாக உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தாயின் குரலை இனங்கண்டு அதையே விரும்பிக் கேட்கிறது என்பது உறுதிப்பட்ட உண்மை. அதற்கு நீங்கள் வழக்கம்போல வீட்டில் பேசிக்கொண்டிருந்தாலே போதும்; பாட வேண்டும்போல இருந்தால் பாடுங்கள். அந்த நூலில் ஆண் குழந்தை பிறக்க வழி என்று ஓர் இயல் இருந்தால் அதை அன்றே வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பது கருவுறும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. பாலினத் தேர்வையும் அதற்கான விளம்பரத்தையும் நம் நாட்டுச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது.

புதிதாக வாங்கும்போது, நீங்கள் இப்போது செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அந்த நூல் எப்படிச் சொல்கிறது என்று கடையிலேயே நின்று பாருங்கள். நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். 180 நாட்கள் நாள்தோறும் ஒன்று. ‘இரும்புச்சத்து முக்கியம், தவறாமல் உண்ணுங்கள்’ என்று எழுதி நிறுத்தும் நூல் உங்களுக்கு உதவாது. அதைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, காப்பியோ தேநீரோ குடித்த உடனே போடக் கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும், மலம் கறுப்பாகப் போகும் என்பதால் பயப்பட வேண்டாம், வயிற்றைப் புரட்டினால் இரவில் சாப்பிட்ட பின் போடலாம் என்று சொல்லும் நூலை ஒரு கர்ப்பிணியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஒருவர் எழுதியிருக்கிறார். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவிடும் பெண்களின் தயக்கம் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குழந்தை வளர்ப்பு நூல்கள் இன்னும் சிக்கலானவை, ஏனென்றால் அங்கே ஊசியும் மாத்திரையும்போல உடனே சரிபார்க்கக்கூடியவை குறைவு. எழுதியவரின் உறுதியான குரலுக்கு நாம் பணிந்துவிடுகிறோம். ஜான் வாட்சன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க உளவியலாளர், குழந்தையைக் கட்டி அணைக்கவும் முத்தமிடவும் மடியில் வைக்கவும் கூடாது, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று 1928இல் அறிவியலின் பெயரால் எழுதினார். பெற்றோரை நம்பிக்கையோடு இருக்கச் சொல்லிப் பெரும்புகழ் பெற்ற பெஞ்சமின் ஸ்பாக்கின் நூல் 1946இல் வந்தது, கோடிக்கணக்கில் விற்றது. அவரே 1950களின் பிற்பகுதியில், வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்கும் என்று எண்ணி, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார். குப்புறப் படுக்கும் குழந்தைகளே தூக்கத்தில் திடீரென்று இறக்கும் ஆபத்து மிகுதி என்பது பின்னால் தெரிந்தது. 1990களில் மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கம் பல நாடுகளில் நடந்த பிறகு அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஸ்பாக் அன்பானவர், அவர் நோக்கமும் நல்லது. ஆனால் அவர் தந்த காரணம் சோதிக்கப்படாத ஊகமாக இருந்தது. இதனால்தான், ஒரு நூல் ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று சொல்லும் இடத்தில், எதை வைத்துச் சொல்கிறது என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன்.

தாயைக் குற்றவாளியாக்கும் நூலையும் விலக்குங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடந்தன. அது தேவைக்கு மேல் நடக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதை மருத்துவமனைகளையும் அரசையும் நோக்கிக் கேட்க வேண்டும். சிசேரியனை ஒரு பெண்ணின் தோல்வியாக எழுதும் நூல், நம் தாய்மார்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரை, புண் ஆறாத வயிற்றோடு இருக்கும் நாளில் அழவைக்கிறது.

மாமியார் சொல்வதைப் பற்றி. அவர் சொல்வதில் பெரும்பகுதி எந்த நூலிலும் கிடைக்காத கைப்பழக்கம்: குழந்தையைத் தூக்கும் விதம், குளிப்பாட்டும்போது தலையைத் தாங்கும் விதம், அழுகைக்கும் அழுகைக்கும் உள்ள வேறுபாடு. அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். சில வழக்கங்களுக்கு மட்டும் இடம் தரக் கூடாது: பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ சேனையாகத் தொட்டு வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வசம்பை உரைத்துப் புகட்டுவது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். இதை நீங்கள் புத்தகத்தைக் காட்டிச் சொன்னால் மனத்தாங்கல் வரும். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போய், மருத்துவரோ செவிலியரோ அவருக்கே நேராகச் சொல்லும்படி செய்யுங்கள்.

கடைசியாக, நீங்கள் வாங்கும் நூலில் பிரசவத்துக்குப் பிறகான ஆறு வாரங்களுக்குத் தனி இயல் இருக்க வேண்டும். அதில் தாயின் மனநிலை பற்றிய பக்கங்கள் இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானாகவே சரியாகும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் பசியும் போய்க் குழந்தையிடம் ஒட்டுதலே இல்லாமல் போனாலோ அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. அந்த நிலையில் இருக்கும் தாய் புத்தகத்தைத் திறக்க மாட்டாள், ஆகவே அந்த இயலை உங்கள் கணவர் இப்போதே படிக்க வேண்டும். ஆபத்து அறிகுறிகள் உள்ள பக்கத்தையும் அவர் படிக்கட்டும். உதிரப்போக்கு, பார்வை மங்கலோடு வரும் கடுந்தலைவலி, முகமும் கையும் வீங்குவது, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவை அவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 108 எல்லோருக்கும் தெரியும். மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416 பலருக்கும் தெரிவதில்லை. அதையும் உங்கள் பகுதிச் செவிலியரின் எண்ணையும் தாய் சேய் நல அட்டையின் மேலேயே எழுதிவைத்துவிடுங்கள்.