மகன் ஆபீஸ் போன பிறகு டோக்கியோவில் என்ன செய்வது?

கேள்வி: எனக்குக் கருங்கல் பக்கம் ஊர். நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் டோக்கியோவில் நிஷி கசாய் என்ற இடத்தில் இருக்கிறான், ஒரு மாதம் வந்து தங்கச் சொல்கிறான். ஆனால் காலையில் போனால் ராத்திரிதான் வருவானாம். தமிழ் தெரியும், மலையாளம் கொஞ்சம் வரும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பேச வராது. பகலில் தனியாகப் போய் நாலு இடம் பார்க்க முடியுமா? "சனி ஞாயிறு நான் கூட்டிட்டுப் போறேன், மத்த நாள் வீட்டிலேயே இருங்கம்மா" என்கிறான். மீன் சாப்பிடுவேன், மாடும் பன்றியும் வேண்டாம்.

பதில்: போகலாம் டீச்சர், தாராளமாகப் போகலாம். ஒரு மாதம் அந்த ஊரில் இருந்துவிட்டு நாலு சுவரை மட்டும் பார்த்துத் திரும்பினால் அது பெரிய நஷ்டம். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் அப்பா அம்மாக்களுக்கு வழி எழுதிக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி, அதனால் நம்பிச் சொல்கிறேன்.

கன்னியாகுமரி சன்னதித் தெருவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தவர்கள், தமிழில் ஒரு எழுத்து தெரியாதவர்கள், வரிசையில் நின்று படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போகிறார்கள், அங்கிருந்து கண்ணாடிப் பாலத்தில் நடந்து திருவள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டு, சங்கு மாலைக்கு விலை பேசி வாங்கிக்கொண்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிறார்கள். கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுகிறார், அவர்கள் தலையாட்டுகிறார்கள், வியாபாரம் முடிந்தது. டோக்கியோவில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் அந்த ஊர் ரயில் முழுக்க எண்ணில் ஓடுகிறது.

எங்கே போவது என்று யோசிப்பதற்கு முன்னால், எப்படித் திரும்புவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாரும் போகும் வழியைத்தான் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறார்கள். பயம் வருவதோ சாயங்காலம், கால் வலிக்கும்போது, போனில் சார்ஜ் இறங்கும்போது. அந்த நேரத்தில் வீட்டுக்குப் போகும் வழி கையில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். மகனிடம் சொல்லி, வீட்டு விலாசத்தையும் அவர் போன் நம்பரையும் ஜப்பான் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்குங்கள். அது போனில் இருந்தால் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டோடு கழுத்துப் பையில் இருக்க வேண்டும். (சுற்றுலா வருகிறவர்கள் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.) என்ன குழப்பம் ஆனாலும் ஒரு டாக்சியை நிறுத்தி அட்டையைக் காட்டினால் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். பின் கதவு தானாகத் திறந்து தானாக மூடும், நீங்கள் இழுக்க வேண்டாம். காசு கொஞ்சம் கூடுதலாகும், அதற்கு மட்டும் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள், அது இருக்கிற தைரியமே போதும், பெரும்பாலும் தேவைப்படாது.

சரி, ரயில். மகன் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன் டோசாய் லைனில் இருக்கிறது, வானநீல நிறம். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஆங்கில எழுத்து, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு எண். நிஷி கசாய் என்றால் டி 16 (ஆங்கில எழுத்து T, D அல்ல). பெயரை வாசிக்கவே வேண்டாம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர் நம்பரைப் பார்த்து பஸ் ஏறுகிற மாதிரிதான் இதுவும். ரயிலுக்குள் கதவுக்கு மேலே உள்ள திரையிலும், பிளாட்பாரச் சுவரிலும், தூணிலும் அந்த எண் இருக்கும்.

முதல் பயணமாக அசகுசா போங்கள். டி 16-இல் ஏறினால் எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும், 15, 14, 13 என்று. ஏறியவுடன் 17 வந்தால் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். பதற வேண்டாம், இறங்கித் திரும்பி வரும் ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். டி 10 நிஹோம்பாஷி, அங்கே இறங்கி ஆரஞ்சு நிற வட்டத்துக்குள் ஜி என்ற ஆங்கில எழுத்து போட்ட பலகைகளைப் பிடித்தபடியே நடங்கள், அது கின்சா லைன். அதே நிஹோம்பாஷிக்கு அந்த லைனில் ஜி 11 என்று பெயர். இப்போது எண் ஏற வேண்டும், 12, 13 என்று. ஜி 19 அசகுசா. அதுதான் கடைசி ஸ்டேஷன், எல்லாரும் இறங்குவார்கள், தவறவிடவே முடியாது. புது ஆளுக்கு முதல் இடமாக நான் எப்போதும் லைன் முடிகிற ஸ்டேஷனையே சொல்வது இதனால்தான். 1927-இல் ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியதும் இதே கின்சா லைனில்தான், உயேனோவிலிருந்து அசகுசா வரைக்கும்.

திரும்பும்போது ஒரே ஒரு இடத்தில் ஏமாறலாம், இதை அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். டோசாய் லைனில் சாதா ரயிலும் உண்டு, விரைவு ரயிலும் உண்டு. விரைவு ரயில் டி 14-க்குப் பிறகு நேராக டி 18-இல்தான் நிற்கும், உங்கள் டி 16-இல் நிற்காது. ஜன்னல் வழியாக உங்கள் ஸ்டேஷன் ஓடிப்போவதைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் விஷயம் சின்னது. டி 18-இல் இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் சாதா ரயிலில் ரெண்டு ஸ்டேஷன் பின்னால் வந்தால் சரி. ரயிலின் நெற்றியிலும் பிளாட்பாரத் திரையிலும் அது சாதாவா விரைவா என்று ஆங்கிலத்திலும் மாறி மாறிக் காட்டுவார்கள். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆங்கிலம் இதற்குப் போதும்.

டிக்கெட் எடுக்கிற வேலையே வேண்டாம். சுய்கா அல்லது பாஸ்மோ என்ற கார்டில் மகனைப் பணம் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாசலில் ஒரு தட்டு, வெளியே வரும்போது ஒரு தட்டு. பெட்டிக் கடை மாதிரி தெருவுக்குத் தெரு இருக்கும் கடைகளிலும் தண்ணீர் பாட்டில் மெஷினிலும் அதே கார்டு செல்லும். வாசல் கதவு அடைத்துக்கொண்டால் பயப்படாதீர்கள். ஓரத்தில் ஊழியர் இருக்கிற வழி ஒன்று இருக்கும், கார்டை அவரிடம் நீட்டினால் பேசாமலே சரி செய்து தருவார்.

நேரம் முக்கியம். காலை ஒன்பதரைக்கு முன்னால் டோசாய் லைன் பக்கமே போகாதீர்கள், டோக்கியோவிலேயே நெரிசலுக்குப் பேர் போன லைன் அது. பத்து மணிக்குக் கிளம்பி நாலரைக்குள் திரும்பினால் உட்கார இடம் கிடைக்கும். ரயிலில் போனில் பேசக் கூடாது, மகன் கூப்பிட்டாலும் இறங்கிய பிறகு பேசுங்கள். எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் ஒதுங்கி நிற்பார்கள், நீங்களும் அப்படியே.

போனில் மொழிபெயர்ப்பு செயலி கட்டாயம் வேண்டும். கூகுளுடையதில் தமிழ் இருக்கிறது, தமிழையும் ஜப்பானையும் முன்பே இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாத இடத்திலும் உதவும். கேமராவைப் பலகை மேல் பிடித்தால் வாசித்துச் சொல்லும். ஆனால் நம்ம ஊர்ப் பேச்சில் பேசினால் அது தடுமாறும், "குடிக்க வெள்ளம் வேணும்" என்றால் மழை வெள்ளம் என்று எடுத்துக்கொள்ளும். வகுப்பில் பாடம் நடத்துகிற தமிழில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயமாகச் சொல்லுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. வாயில் இருக்க வேண்டியது ரெண்டே சொல்தான். ஆரையாவது கூப்பிட "சுமிமாசென்", நன்றிக்கு "அரிகாதோ கொசாய்மாஸ்". மீதிக்கு விரலும் படமும் போதும்.

வழி கேட்க யாரைப் பிடிப்பது என்றால், தெருமுனையிலும் பெரிய ஸ்டேஷன் பக்கத்திலும் கோபான் என்ற சின்ன போலீஸ் அறை இருக்கும். போலீஸ் என்றதும் நம்ம ஊரில் கால் தயங்கும், அங்கே தயங்க வேண்டாம். வழி சொல்வதும் தொலைந்த பொருளை வாங்கி வைப்பதும் அவர்களின் அன்றாட வேலை. பையோ குடையோ தொலைந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள், திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. நம் இந்தியத் தூதரகம் குதான்ஷிதா ஸ்டேஷன் பக்கம், அது டி 07, மகன் வீட்டிலிருந்து ரயில் மாறாமலே போய்விடலாம். போனில் திடீரென்று பெரிய அலாரம் அடித்தால் அது நிலநடுக்க எச்சரிக்கை, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்களோ அதையே செய்யுங்கள்.

சாப்பாட்டில் நீங்கள் மீன் சாப்பிடுவது பெரிய வசதி, சைவம் மட்டும் என்றால் இன்னொரு பக்கம் எழுத வேண்டி வந்திருக்கும், காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். பச்சை மீன் மட்டும்தான் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். "சாபா ஷியோயாகி" என்று கேளுங்கள், நம்ம அயிலைக்கு உறவுக்கார மீன், உப்புத் தடவிச் சுட்டது, சோறும் சூப்பும் கூட வரும். சோறு கொஞ்சம் ஒட்டும், நம்ம புழுங்கலரிசி மாதிரி உதிராது. பல கடைகளில் சாப்பாட்டை அச்சு அசலாகப் பிளாஸ்டிக்கில் செய்து கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள், அதை போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் காட்டலாம். மாடும் பன்றியும் வேண்டாம் என்பதை மகன் கையால் இன்னொரு அட்டையில் எழுதி வாங்குங்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டாம், மேசையில் வைத்துவிட்டு வந்தால் ஓடி வந்து திருப்பித் தருவார்கள். நிஷி கசாயில் நம்ம நாட்டவர்கள் நிறைய இருப்பதால் இந்திய மளிகைக் கடைகளும் உண்டு, பருப்பு, மசாலா எல்லாம் இங்கிருந்து சுமக்காதீர்கள்.

கழிவறையைக் கேட்க வெட்கப்பட்டு விட்டிருப்பீர்கள், நானே சொல்கிறேன். ஸ்டேஷன்களில் இலவசம், சுத்தம், பல இடங்களில் கழுவத் தண்ணீர் வசதியும் பொத்தானில் படம் போட்டு இருக்கும். தண்ணீரைக் குறைத்துக் குடித்துக்கொண்டு அலைய வேண்டிய அவசியமே இல்லை.

அசகுசாவில் பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் வாசல் வழியாக சென்சோஜி கோயிலுக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. அடுத்து உயேனோ, அதே ஆரஞ்சு லைனில் ஜி 16. பூங்காவும் 1872-இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகமும் அங்கேதான். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, கிழமை பார்த்துப் போங்கள். மூன்றாவதாக மெய்ஜி ஜிங்கு, 1920-இல் கட்டிய கோயில், மக்கள் கொடுத்த லட்சம் மரங்களை நட்டு உண்டாக்கிய காடு. நடுநகரத்தில் அத்தனை நிழல், எனக்கு டோக்கியோவில் மிகப் பிடித்த இடம் அதுதான். ஷிஞ்சுகு ஸ்டேஷனை மட்டும் தனியாகப் போகும்போது தவிருங்கள், வாசல்கள் இருநூறுக்கு மேல், அங்கே மகனோடு போகலாம்.

நம்ம கோட்டாறு சவேரியாரும் மொழி தெரியாமல் வந்தவர்தான். தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்துகொண்டு நம் கடற்கரை ஊர்களில் நடந்தவர், 1549-இல் ஜப்பானில் இறங்கியபோது அஞ்சிரோ என்ற ஜப்பானியரைத் துணைக்குக் கூட்டிப் போனார். உங்களுக்கு அந்தத் துணை முதல் சனிக்கிழமை ஒரு நாள் போதும். மகனோடு அசகுசா போங்கள், ஆனால் நீங்கள் முன்னால் நடக்க வேண்டும், எந்த ரயில், எந்தப் பக்கம், எங்கே இறங்குவது என்று எல்லாம் நீங்களே முடிவு செய்ய வேண்டும், அவர் பத்தடி பின்னால் பேசாமல் வரட்டும். நீங்கள் தப்பான ரயிலில் ஏறினாலும் கூடவே ஏறட்டும், வாய் திறக்கக் கூடாது. அன்றைக்கு நீங்களாகவே டி 16-க்குத் திரும்பி வந்துவிட்டால், திங்கட்கிழமை அவரும் உங்களைத் தடுக்க மாட்டார்.