மலையகத்தில் ஸ்போர்ட்டி கார்: நுவரெலியாவுக்குக் குடிவந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்ததால் மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து வேலைக்காக வந்திருக்கிறீர்கள். வீடு நுவரெலியாவில், வேலை தலவாக்கலையில். அங்கே போலோ ஜிடி டிஎஸ்ஐ (ஃபோக்ஸ்வாகனின் சின்ன டர்போ கார்) ஓட்டிப் பழகியவர் என்பதால் வேகன் ஆர் மாதிரிச் சாதுவான கார் பக்கம் மனம் போகவில்லை. ஆனால் வீட்டில் மனைவிக்கு முதுகுவலி, கையில் ஒரு வயதுக் குழந்தை. "ஓட்டும்போது சந்தோஷமாகவும் இருக்கணும், தினமும் போய் வந்தா உடம்பும் நோகக் கூடாது, அப்படி ஒரு கார் இங்கே கிடைக்குமா அண்ணா?" என்பது கேள்வி.

கிடைக்கும். ஆனால் கோவை அவிநாசி ரோட்டுக்குக் கார் பார்த்த கண்ணோடு இங்கே பார்க்கக் கூடாது. நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். தேயிலைத் தொழிற்சாலை மெஷின் வேலையாக வந்து, ஹட்டனில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டேன். அதனால் உங்கள் ஆசையும் புரிகிறது, இந்த ரோடும் தெரியும்.

முதலில் சந்தை நிலவரம். இங்கே ஆசைப்பட்ட மாடலைத் தேடிப் போய் வாங்குவது கடினம். இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுப்பதுதான் வழக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஆகவே பழைய வாகனச் சந்தையில் பார்ப்பதில் பெரும்பாலானவை தடைக்கு முன்னால் வந்தவை. மிச்சம், தடை நீங்கியபின் ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் (சரிபார்த்துப் புதுக்கியது) என்ற பெயரில் இறங்குபவை. இரண்டுக்கும் விலை கேட்டால் தலை சுற்றும். அதை இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காதீர்கள், தூக்கம்தான் கெடும். உங்கள் போலோவைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரலாமா என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

வரி என்ஜின் கொள்ளளவோடு சேர்ந்து ஏறும். 1000 சிசிக்குள் இருந்தால் குறைவு. அதனால்தான் ஒரு லிட்டர் டர்போ என்ஜின் போட்ட கார்களை இங்கே இவ்வளவு பார்க்கிறீர்கள். வரிக்குப் பயந்து கொண்டுவந்தார்கள், அது மலைக்கும் பொருந்திப்போனது. எப்படி என்று சொல்கிறேன்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அந்த மெல்லிய காற்றைத்தான் இழுக்க முடியும். கொழும்பில் 100 குதிரைத்திறன் தரும் என்ஜின் நுவரெலியாவில் 80ஐ ஒட்டித்தான் தரும். நானுஓயா ஏற்றத்தில் ஏசியும் போட்டு, நாலு பேரும் ஏறிவிட்டால், பேப்பரில் பார்த்த எண்ணெல்லாம் எங்கே போனது என்று கேட்பீர்கள். டர்போ இருந்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளி இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அதைவிட முக்கியம், டர்போவில் இழுவை நிமிடத்துக்கு 2000 சுற்றை ஒட்டியே வந்துவிடுகிறது. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறிக்குப் பின்னால் முப்பதில் ஊர்ந்துகொண்டிருந்து, இடம் கிடைத்ததும் சட்டென்று முந்த வேண்டிய ஊர் இது. 6000 சுற்றில்தான் உயிர் வரும் என்ஜினை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது?

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி டவுனுக்கு வெளியே காருக்கு 70, டவுனுக்குள் 50. ஆனால் உங்கள் வழியில் 50ஐத் தொடுவதே சில இடங்களில்தான். வளைவுக்கு வளைவு, ஓரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எதிரே பாதி ரோட்டை எடுத்துக்கொண்டு வரும் பஸ். ஆகவே நீங்கள் வாங்கும் கார் 40இல் போகும்போதே சுவையாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் சொன்னபடி திரும்பவும், பிரேக் காலுக்கு அடங்கவும், இரண்டாம் மூன்றாம் கியரில் இழுவை இருக்கவும் வேண்டும். எடை குறைவாக இருந்தால் இவை மூன்றும் பாதி தானாகவே வந்துவிடும். 200 குதிரைத்திறன் கார் ஒன்றை வாங்கி லிந்துலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே ஓட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். வேகத்தை ரசிக்க வேண்டுமென்றால் ஏப்ரல் சீசனில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டிக்குப் போங்கள். 1934இலிருந்து நுவரெலியாவில் நடக்கிறது. பார்த்தால் ஆசையும் அடங்கும், கையும் அரிக்கும்.

அடுத்தது கியர்பாக்ஸ். மேனுவல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஏற்றத்தில் நெரிசலில் நின்று நின்று போகும்போது உங்கள் இடது கால் என்னைத் திட்டும். நல்ல பழைய பாணி ஆறு கியர் ஓட்டோமெட்டிக் போதும். சிவிடி (கியர்ப் படிகளே இல்லாத ஓட்டோமெட்டிக்) வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஏற்றத்தில் அது கத்தும் சத்தத்துக்கும் கார் நகர்வதற்கும் சம்பந்தமே இருக்காது. ஸ்போர்ட்டி என்று தேடுகிறவருக்கு அது பிடிக்காது. இரட்டை கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடித்து கியர் மாற்றும் ஓட்டோமெட்டிக்) விஷயத்தில் மட்டும் கவனம். உங்கள் போலோவில் இருந்த அதே உலர் வகை, அதாவது எண்ணெயில் மூழ்காத இரட்டை கிளட்ச்தான் 2013க்குப் பிந்திய ஹோண்டா ஃபிட் ஹைப்ரிட்டிலும், அதாவது இங்கே ஜிபி5 என்று சொல்வதில் இருக்கிறது. ஜப்பானிலேயே அதைப் பலமுறை திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தார்கள். மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து போவது அந்த கிளட்சுக்கு ஆகாது, சூடேறிவிடும். சமதரையில் நல்ல கார். உங்கள் வழிக்கு வேண்டாம்.

இப்போது சொகுசு. இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மெத்து மெத்தென்று இருந்தால் சொகுசு என்பது நேர்ரோட்டுக் கணக்கு. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கிப் பாருங்கள். உயரமான, மெதுவான சஸ்பென்ஷன் உள்ள வேனில் போனால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒருபக்கம் சாயும், அடுத்த வளைவில் மறுபக்கம். புசல்லாவை வருவதற்குள் பின்சீட்டில் யாராவது ஷொப்பிங் பேக்கைத் தேடுவார்கள். இங்கே பஸ்ஸில் இஞ்சி டொஃபியும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் சும்மா ஏறவில்லை. கார் தரையோடு ஒட்டி, சாயாமல் திரும்பினால் அந்த ஆட்டம் பாதியாகக் குறையும். அதனால் கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள சின்னக் கார் மலைப்பாதையில் குடும்பத்துக்கும் நல்லது. உங்கள் ஆசைக்கும் மனைவியின் முதுகுக்கும் இடையே நீங்கள் நினைக்கிற அளவு சண்டை இல்லை. (இதை வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஸ்போர்ட்ஸ் கார் வாங்க சாக்கு என்று நினைப்பார்கள்.)

முதுகைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் டயர். ஷோவுக்காகப் பெரிய ரிம், அதில் பட்டை மாதிரி மெல்லிய டயர். தோட்டத்துப் பாதையில் ஒரு குழியில் விழுந்தால் அடி நேரே சீட்டுக்கு வரும், ரிம்மும் வெடிக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். டயர் எண்ணில் முதலாவது அகலம் (மி.மீ.), இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது, கடைசி ரிம் அளவு. சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் கம்பெனி டயர் 195/45, 17 அங்குலம். அதன் பக்கச்சுவர் உயரம் சுமார் 88 மி.மீ. அதையே 185/55, 16 அங்குலத்துக்கு மாற்றினால் சுமார் 102 மி.மீ. வெளிச்சுற்றளவு கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அந்த 14 மி.மீ. ரப்பர் தினமும் உங்கள் மனைவியின் முதுகுக்குச் செய்யும் உதவியை எந்த விலையுயர்ந்த ஷொக் அப்சோர்பரும் செய்யாது. ரிம் பிரேக் காலிப்பரில் தட்டாமல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

டயர் பேச்சோடு இன்னொன்று. ஜப்பானிலிருந்து வரும் கார்களில் சில பனிக்காலத்து டயரோடே வந்துவிடும். நம் மழை ரோட்டுக்கு அது ஏற்றதல்ல. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பார்க்கப் புதுசாக இருந்தாலும் வயதான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

சரி, பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். என் முதல் தெரிவு சுஸுகி ஸ்விஃப்ட் ஆர்எஸ்டி. 2017 வாக்கில் வந்த உருவம். ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர் இழுவை, சிவிடி இல்லாத ஆறு கியர் ஓட்டோமெட்டிக், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பட்டை. எடை ஒரு டன்னுக்குள். மேலே சொன்ன அந்த 185/55 டயர் இதில் கம்பெனியிலிருந்தே வருகிறது. எண்களைக் கேட்டால் சாதாரணம்தான், ஆனால் இந்த ரோட்டில் இதைவிட அதிகம் உங்களுக்குத் தேவைப்படாது. பின்சீட்டில் குழந்தை சீட் வைக்க இடம் போதும், டிக்கி சிறிது, தள்ளுவண்டியை மடித்துத்தான் வைக்க வேண்டும்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட், அதாவது 1.4 டர்போ, 140 குதிரைத்திறன், எடை 970 கிலோதான், அது மனதை வாங்கிவிடும். ஆனால் எண்ணிக்கை குறைவு, விலை கூடுதல். ஓடிக்கொண்டிருப்பவற்றில் பலவற்றைத் தாழ்த்தி, சைலன்சர் மாற்றி, யார் யாரோ கை வைத்திருப்பார்கள். கை படாத ஒன்று கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். இரண்டு ஸ்விஃப்டுக்கும் தரையிலிருந்து இடைவெளி 120 மி.மீ. அளவில்தான், லயத்துப் பாதைக்கெல்லாம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை) முழுச் சுமையோடு இறக்காதீர்கள்.

குடும்பம் முக்கியம், பட்ஜெட் கொஞ்சம் இழுக்கும் என்றால் ஹோண்டா சிவிக் பத்தாம் தலைமுறை, ஒரு லிட்டர் டர்போ. பெரிய கார், பின்சீட் தாராளம், வளைவில் சாயாது. சின்னக் காரின் துள்ளல் இருக்காது, அவ்வளவுதான். ஹோண்டாவின் சிஆர்-இசட் அழகுதான், ஆனால் இரண்டு கதவு. குனிந்து குழந்தையைப் பின்னால் உட்காரவைப்பது முதுகுவலிக்காரருக்குத் தண்டனை. பிஎம்டபிள்யூ பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். பலவற்றில் காற்றுப் போனாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர், கல் மாதிரி இருக்கும். சின்னச் சாமானுக்கும் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும். மின்சாரக் கார் இப்போது நிறைய வருகிறது. உயரம் அதைப் பாதிக்காது, இறக்கத்தில் மின்சாரம் திரும்பியும் வரும். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கு நல்லது, வாடகை வீட்டில் இருக்கும் உங்களுக்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

எந்தக் காராக இருந்தாலும் பிரேக். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு நீங்கள் தினமும் 600 மீட்டருக்கு மேல் இறங்கப் போகிறீர்கள். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்குப் பாதையில் போனால் அந்த இறக்கம் இன்னும் செங்குத்து. 2023 ஜனவரியில் பஸ் மோதி ஏழு பேர் இறந்தது அந்தப் பாதையில்தான். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியரில் வாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் திரவம் கொதித்து பெடல் தரைவரை போகும். டொட் 4 என்ற தரத்து பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155க்கே இறங்கிவிடலாம். இந்த ஈரக் காற்றில் தண்ணீர் சேர நாள் ஆகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், கார் வாங்கியதும் முதல் வேலையாக ஒருமுறை.

மூடுபனிக்கு மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் நீராவி படியும்போது குளிரானாலும் ஏசியைப் போட்டால்தான் தெளியும். 95 ஒக்டேன் பெட்ரோல் சின்ன டவுன் பெட்ரோல் ஷெட்டில் எப்போதும் இருக்காது, நுவரெலியாவிலேயே நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். லைசன்ஸ் விஷயம்: இந்தியாவில் எடுத்த சர்வதேச அனுமதியை மட்டும் வைத்து ஓட்டக் கூடாது, கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் காட்டி இங்கே ஓட்டுவதற்கான அனுமதி வாங்குங்கள். நீண்ட நாள் இருக்கப் போவதால் வேரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் இந்த ஊர் லைசன்ஸுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பார்க்கப் போகும்போது ரீகண்டிஷன் காரென்றால் ஜப்பான் ஏலத் தாளை (அங்கே ஏலம் விட்டபோது காரின் நிலையையும் ஓடிய தூரத்தையும் எழுதிய தாள்) கேளுங்கள், மீட்டரில் உள்ள கிலோமீட்டரும் அதுவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய பதிவுள்ளதென்றால் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பெனி (கார்க் கடன் கொடுத்த கம்பெனி) பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கச் சமதரையில் ஒரு சுற்றுப் போதாது, நானுஓயா ஏற்றத்தில் ஏசியோடு ஓட்டுங்கள். மனைவியையும் குழந்தையையும் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை என்றால் நானும் ஹட்டனிலிருந்து வந்துவிடுவேன், அடியில் படுத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் பாஸையும் (மெக்கானிக்) கூட்டி வருகிறேன்.