இரவு நித்திரையும் கைக்குழந்தையும்: வாசகர் கேள்வி – பதில்

மகனுக்குப் பத்துக் கிழமை. இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்புகிறான். குடித்த பிறகும் ஒரு மணித்தியாலம் கண்ணை விழித்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிறான். பகலில் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. வீட்டில் எல்லோரும் பால் காணாது என்கிறார்கள்.
– வாசகி, வெள்ளவத்தை

பால் காணுமா என்பதை வீட்டார் சொல்லி அறியத் தேவையில்லை. 24 மணித்தியாலத்தில் ஆறு தரமாவது நப்பி நன்றாக நனைகிறதா, கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு மேலே ஏறுகிறதா? இரண்டும் சரியென்றால் பால் காணும். தாய்ப்பால் விரைவில் செமிபடும். அவன் வயிறும் சின்னது. இந்த வயதில் அவன் எழும்பத்தான் செய்வான். எத்தனை தரம் என்பதை நீங்கள் மாற்ற முடியாது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்பதை மாற்றலாம். அந்த ஒரு மணித்தியாலத்தை இருபது நிமிடமாக்கினால் உங்களுக்கு அதுவே பெரிய நித்திரை.

பகல் எது, இரவு எது என்ற கணக்கு உடம்புக்குப் பிடிபட இரண்டு மூன்று மாதமாகும். அதற்கு வெளிச்சம்தான் உதவும். காலை ஏழு மணிக்குத் திரைச்சீலையை விலக்குங்கள். பகல் நித்திரை ஹோலில், வழமையான சத்தத்துக்குள் நடக்கட்டும். இரண்டரை மணித்தியாலம் தாண்டினால் எழுப்பிப் பால் கொடுங்கள். மாலையில் தெருவில் பாண் விற்க வரும் சூன் பாண் ஆட்டோவின் பாட்டுக்கு எழும்பினால் விட்டுவிடுங்கள், அந்த நேரத்து நித்திரையை நீட்டி லாபமில்லை. ஏழு மணிக்குப் பிறகு பெரிய லைட் வேண்டாம்.

இரவில் அவன் முனகியவுடன் தூக்காதீர்கள். இந்த வயதில் நித்திரையில் பாதி அசைவு நித்திரை: முனகும், நெளியும், முகம் சுளிக்கும், கண்கூடப் பாதி திறக்கும். ஒரு நிமிடம் பாருங்கள். நித்திரையில் கிடக்கிற பிள்ளையைத் தூக்கி நாமே எழுப்பிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. உண்மையாகவே எழும்பினால் மங்கிய மஞ்சள் விளக்கு மட்டும். கதை, கொஞ்சல், ஃபோன் வெளிச்சம் ஒன்றும் வேண்டாம். முதலில் ஒரு பக்கப் பால், பிறகு ஏவறை, பிறகு நப்பி, கடைசியாக மற்றப் பக்கம். எல்லாம் முடிந்து நப்பி மாற்றப் போவதால்தான் அவன் சிரிக்கத் தொடங்குகிறான். மலம் போகவில்லை, சிரங்கும் இல்லையென்றால் இரவில் பம்பஸை ஒவ்வொரு தரமும் மாற்றவும் தேவையில்லை. கை தளர்ந்து தொங்கும்வரை மடியில் வைத்திருந்து, முதலில் பிட்டம், பிறகு தலை என்று மெதுவாகக் கிடத்தி, உங்கள் கையை அவன் நெஞ்சில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

கடற்கரை ரயிலும் காலி வீதி பஸ்ஸும் அவ்வளவு தொல்லையில்லை. திடீர்ச் சத்தம்தான் எழுப்பும். ஃபேனின் ஒரே சீரான இரைச்சல் அதை மறைக்கும். ஃபேன் காற்று நேரே முகத்தில் படாமல் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். புழுக்கமா என்று பார்க்கக் கையையும் காலையும் தொட வேண்டாம், அவை குளிர்ந்துதான் இருக்கும். பிடரியைத் தொடுங்கள், வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறையுங்கள். கொழும்பு வீட்டுக்குள் தொப்பியும் காலுறையும் எதற்கு?

பேத்திக்கு மூன்றரை மாதம். படுக்க முன் போத்தலில் ரஸ்க் கரைத்துக் கொடுத்தால் விடியும்வரை கிடக்கும் என்கிறேன், மகள் கேட்கிறாளில்லை. தும்மல், ஒவ்வாமைக்குக் கொடுக்கிற பிரிட்டன் சிரப் கொஞ்சம் கொடுத்தால் என்ன?
– அம்மம்மா ஒருவர், தெஹிவளை

மகள் சொல்வதே சரி, அம்மா. ஆறு மாதம் முடியும்வரை பால் மட்டும்தான், தண்ணீரும் வேண்டாம். ரஸ்க் கரைசல் தொண்டையில் அடைக்கும்; அதனால் நித்திரை கூடுவதுமில்லை. பால்மா குடிக்கிற பிள்ளையென்றால் ஒரு கரண்டி கூடப் போட்டுத் தடிப்பாக்குவதும் பிழை, மலச்சிக்கலும் சிறுநீரகத்துக்குப் பாரமும்தான் மிச்சம். நித்திரைக்காகப் பிரிட்டன் கொடுக்கவே கூடாது, அது மூச்சை மந்தமாக்கலாம். தேன் ஒரு வயதுக்குப் பிறகு.

ஏணை பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது. இரவில் வேண்டாம், வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடியும். தலை உருண்டையாக வருவதற்கென்று வைக்கும் தலகணியையும் எடுத்துவிடுங்கள். இறுக்கமான தட்டை மெத்தை, மல்லாக்காகக் கிடத்தல், மேலே நன்றாக இழுத்துச் செருகிய நுளம்பு வலை, அவ்வளவுதான்.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு: விடிய ஐந்து மணிப் பால் முடிந்ததும் பேத்தியை வாங்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்துங்கள்.

ஐந்து மாத மகள் முன்பு ஒரே மூச்சில் ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டாள். இப்போது மணிக்கொரு தரம் எழும்புகிறாள். மனைவிக்கு அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது, அடிக்கடி அழுகிறார்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

நான்கு மாதமளவில் பிள்ளையின் நித்திரை அமைப்பு மாறுகிறது. ஒவ்வொரு சுற்றும் முடியும்போது லேசாக விழிப்பு வரும். முலையிலோ தோளிலோ கண்ணயர்ந்த பிள்ளை, விழிக்கும்போதெல்லாம் அதையே தேடும். ஆகவே பாலையும் நித்திரையையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்: இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்தல், பால், ஏவறை, விளக்கணைத்துத் தாலாட்டு, கண் சொருகும்போதே கட்டிலில். அழுதால் கட்டிலிலேயே தட்டிக்கொடுங்கள், அடங்காவிட்டால் தூக்குங்கள். எல்லா முறையும் வேண்டாம், இரவின் முதல் நித்திரைக்கு மட்டும். ஒரு கிழமையாவது விடாமல் செய்யுங்கள். புரளத் தொடங்கினால் துணியால் சுற்றிக் கட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

மனைவி வேலைக்குப் போனதும் மகள் பகலில் குறைத்து இரவில் கூடக் குடிக்கலாம். அது வழமை. கறந்த பாலை நமது அறைவெப்பத்தில் வைத்திருக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாள் இருக்கும். கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே.

மனைவியின் அழுகையை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது பிள்ளை நித்திரையாக இருக்கும்போதும் அவருக்குக் கண் மூட முடியாவிட்டால், மிட்வைஃப் மிஸ்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். இரவில் ஒரு நான்கு மணித்தியாலமாவது அவருக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். அந்நேரம் கறந்த பால் கொடுப்பது உங்கள் வேலை. உங்களுக்கே பொறுமை அறுந்தால் பிள்ளையைக் கட்டிலில் மல்லாக்காகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போங்கள். எந்த நிலையிலும் உலுக்காதீர்கள்.

இரண்டாம் மாத ஊசி போட்ட இரவு முழுக்க அழுகை, உடம்பும் சூடு. பார்த்துக்கொண்டிருக்கலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் விடும். பரசிட்டமோல் நிறைக்கேற்ப, கிளினிக்கில் சொன்ன அளவு மட்டும். துளி மருந்தும் சிரப்பும் ஒரே செறிவல்ல, போத்தலைப் பார்த்து அளவுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகையோ மேலோ காட்டினால், ஊசிதானே என்று இருந்துவிடாமல் அன்றிரவே வைத்தியரிடம் காட்டுங்கள். பால் குடிக்க மறுத்தல், மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தல், பச்சை நிறச் சத்தி, எழுப்பியும் எழும்பாத சோர்வு என்று ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இரவிலும் திறந்திருக்கும், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.