எந்த மேர்வின், எந்த வின்ஸ்ரன்?

கேள்வி: அப்பாவின் பழைய கசற் ஒன்றின் மட்டையில் நீலப் பேனையால் 'ஜூனியர் மாவின்' என்று எழுதியிருக்கிறது. தேடிப் பார்த்தால் அவர் பொப் மார்லியின் கிற்றார்காரர் என்று வருகிறது. ஆனால் இதில் பாடுகிறவருக்குப் பெண்பிள்ளைபோல மெல்லிய குரல். 'பொலிஸ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இவர் யார்?
– வாசகர், மல்லாவி

பதில்: நீலப் பேனையா? அப்படியென்றால் அது என்னுடைய கையெழுத்தாகவும் இருக்கலாம் தம்பி. தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்பில் கசற் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். லண்டனில் இருந்து வந்த மூலக் கசற்றில் ஆங்கிலத்தில் 'யூ' எழுத்துப் போட்டிருந்ததை நான் 'ஏ' என்று வாசித்து, அப்படியே தமிழில் எழுதிவிட்டேன். எத்தனை பிரதி போனதோ!

உங்கள் கசற்றில் பாடுகிறவர் ஜூனியர் மேர்வின். பாட்டு 'பொலிஸ் அன்ட் தீவ்ஸ்'. 1976இல் ஜமேக்கா இசைத் தயாரிப்பாளர் லீ பெரி தன்னுடைய பிளாக் ஆர்க் கலையகத்தில் பதிந்தது. அடுத்த வருடமே லண்டனில் கிளாஷ் என்ற பங்க் குழு தன் முதல் இசைத்தட்டில் அதைப் பாடியது. மேர்வின் 2013இல் காலமானார். கிற்றார்காரர் ஜூனியர் மார்வின் வேறு ஆள். 1977இல் வந்த 'எக்ஸொடஸ்' இசைத்தட்டில் மார்லியின் வெய்லர்ஸ் குழுவோடு வாசித்தவர். இருவரும் ஜமேக்காக்காரர், இருவரும் அந்த ஊர் றெகே இசைக்காரர், பெயர் எடுத்த காலமும் ஒன்று. குழம்பியது நான் மட்டுமில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்.

அப்புறம், அந்த மெல்லிய குரலே எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. பற்றறிக்குத் தடை இருந்த நாட்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, தைனமோவில்தான் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிற பெடியனுக்குக் கை உளைந்தால் மேர்வினின் கீச்சுக் குரல் இறங்கி இறங்கி, கடைசியில் எருமை கத்துவதுபோல வந்து நிற்கும்.

கேள்வி: கரிபியன் பாடகர்கள் பலருடைய சொந்தப் பெயர் வின்ஸ்ரன் என்று இருக்கிறதே, எப்படி?
– வாசகி, முழங்காவில்

பதில்: நல்ல கண் உங்களுக்கு. பேர்னிங் ஸ்பியர் என்றால் வின்ஸ்ரன் றொட்னி. யெல்லோமன், வின்ஸ்ரன் பொஸ்ரர். பீற்றர் ரொஷ், வின்ஸ்ரன் ஹியூபேட் மக்கின்ரொஷ். ட்ரினிடாட் பக்கம் போனால் ஷடோ, வின்ஸ்ரன் பெய்லி. ஜிப்சி, வின்ஸ்ரன் பீற்றர்ஸ். அந்தத் தீவுகள் பிரித்தானியரின் கீழ் இருந்தன. பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்ரன் சேர்ச்சிலின் பெயர் வானொலியில் நாள்தோறும் கேட்ட காலமும் இருந்தது.

எங்கள் கிராமத்தில் மூன்று ராசா இருந்தார்கள்: மில் ராசா, மெசின் ராசா, சங்கக்கடை ராசா. வெறும் ராசா என்று கூப்பிட்டால் ஒருவரும் திரும்பமாட்டார். இவர்கள் கதையும் அதுதான், ஆனால் வின்ஸ்ரனை விட்டுவிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். பேர்னிங் ஸ்பியர், அதாவது 'எரியும் ஈட்டி' என்பது கென்யத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவுக்கு வழங்கிய பெயர். அதைத்தான் றொட்னி எடுத்தார்.

இதற்கு நேரெதிர் ஒருவர் உண்டு. ட்ரினிடாட்டில் 1922இல் பிறந்த, அந்தத் தீவின் கலிப்சோ இசைப் பாடகர் ஓல்ட்வின் றொபேட்ஸ், பிரித்தானியப் படைத்தளபதி ஒருவரின் பெயரில் 'லோட் கிச்சனர்' ஆனார்! 1948இல் விண்ட்றஷ் கப்பலில் லண்டன் போய் இறங்கி, கமெராவுக்கு முன்னால் லண்டனைப் புகழ்ந்து பாடியவர் அவர்தான். கலிப்சோவில் லோட், மைட்டி என்றெல்லாம் பட்டம் போடாதவர் குறைவு. அது எங்கள் 'இசைமாமணி' மாதிரி. ஆளை அடையாளம் காண உதவாது.

கேள்வி: யூ-றோயும் ஐ-றோயும் அண்ணன் தம்பிகளா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: இல்லை. யூ-றோய், இவாட் பெக்போட். வீட்டுச் சிறுபிள்ளைக்கு 'இவாட்' என்று சொல்ல வராமல் யூ-றோய் ஆனது. ஐ-றோயின் பெயரில் றோய் முன்பே இருந்தது: றோய் றீட். இருவரும் ஜமேக்காக்காரர், ஓடுகிற பாட்டின் மேல் தாளத்தோடு பேசுகிறவர்கள். வற்றாப்பளைப் பொங்கலில் பாட்டுப் போகும்போதே ஒலிபெருக்கிக்காரர் குறுக்கே புகுந்து, மோட்டார் சைக்கிளை வழியில் விட்டவர் வந்து எடுக்கவும் என்பாரே, அதைத் தாளம் தப்பாமல் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான்.