ஊருக்கெல்லாம் லோகோ, தனக்கு மட்டும் இல்லை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாடிக்கையாளருக்கு மூன்றே நாளில் லோகோ முடித்துக் கொடுக்கிறேன். எனக்கென்று ஒன்று வரைய ஆறு மாதமாக முயல்கிறேன். நாற்பதுக்கு மேல் வரைந்தும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எங்கே பிழை?
– ஹட்டன் வாசகர்

பதில்: உங்கள் கையில் பிழையில்லை. வாடிக்கையாளர் வரும்போது என்ன தொழில், யாருக்கு விற்கிறார், எந்தத் திகதிக்கு வேண்டும், எவ்வளவு தருவார் என்ற நான்கும் கூடவே வந்துவிடுகின்றன. "இது போதும்" என்று சொல்லவும் ஓர் ஆள் இருக்கிறார். உங்கள் சொந்த வேலைக்கு இவை எதுவும் இல்லை. அதனால்தான் இன்று பிடித்தது நாளைக்குப் பழசாகிவிடுகிறது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: அடுத்த ஒரு வருடத்தில் உங்களுக்கு யார் வேலை தர வேண்டும்? எல்ல, நுவரெலியா பக்கத்துத் தங்குமிடக்காரர்களா, தேயிலைப் பைக்கற் போடும் சிறு கம்பனிகளா, திருவிழா நோட்டீஸும் கல்யாண அழைப்பிதழும் கேட்பவர்களா? ஒன்றைத்தான் எழுத வேண்டும். மூவருக்கும் பிடிக்க வேண்டும் என்று வரைந்தால் நாற்பது என்ன, நானூறும் போதாது.

பிறகு, அந்த ஆளுக்குக் காட்டத் தகுந்த வேலைகளில் எட்டுப் பத்தை மட்டும் பொறுக்குங்கள். முப்பது பிறந்தநாள் பேனரைச் சேர்த்துக் காட்டினால் பேனர் வேலைதான் தேடி வரும். பொறுக்கியவற்றை ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். தடித்த எழுத்தா, தாராளமான வெற்றிடமா, கையால் இழுத்த கோடா, உங்கள் கைப்பழக்கம் தெரிந்துவிடும். லோகோ அதிலிருந்து வரட்டும்.

இதற்கு 14 நாள் போதும். முதல் மூன்று நாள் கணினியைத் தொடாமல், தீப்பெட்டி அளவில் இருபது படம் பென்சிலால் போடுங்கள். அதில் மூன்றை மட்டும் கணினியில், வெறும் கறுப்பில் வரையுங்கள். வர்ணத்தை முதலிலேயே போட்டால் பிடித்தது வர்ணமா வடிவமா என்று தெரியாமல் போகும். 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள், போட்டோ பிரதி எடுத்துப் பாருங்கள், வாட்ஸ்அப் படத்தின் வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். அந்த வட்டம் நான்கு மூலையையும் தின்றுவிடும். தப்பியதை இன்னொரு டிசைனரிடம் கொடுத்து, அவரை வாடிக்கையாளராக நிற்கச் சொல்லுங்கள். இரண்டு தடவைதான் திருத்தம். ஒன்றுமே தப்பவில்லையென்றால் பெயரை நல்ல எழுத்தில் எழுதிவிடுங்கள். அதுவும் முழுமையான லோகோதான். முடித்தபின் ஒரு வருடம் அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: என் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போட வேண்டும். தமிழ்தான் கெட்டுப்போகிறது. அச்சகத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது, டீ-சேர்ட்டில் தைத்தால் சுழி அடைந்துவிடுகிறது.
– பண்டாரவளை வாசகி

பதில்: ஆங்கில எழுத்தாக வருவது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் குணம். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினி உள்ளே இருப்பதைத்தான் காட்டும். தமிழுக்கென்றே தனிக் குறியீடு உள்ள ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், ஹிந்த் மதுரை என்ற ஒருங்குறி எழுத்துருக்கள் எல்லாம் வணிக வேலைக்கும் இலவசம். இணையத்தில் தேடும்போது உங்கள் பெயர் அகப்படவும் ஒருங்குறி வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் "கொ" உடைந்து கொம்பு இடம் மாறினால், பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் முறையை) தெரிவு செய்யுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றுங்கள் (கோரல் ட்ரோவில் இதற்குப் பெயர் கேர்வ்ஸ்). மாற்றாத பிரதி ஒன்றைக் கட்டாயம் உங்களிடம் வைத்திருங்கள்.

மூன்று மொழியையும் ஒரே பொயின்ற் அளவில் வைக்காதீர்கள். தமிழின் "ப", "ட" உயரத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தோடு கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். தமிழ் நீண்டு போகும்; போகட்டும், அதை நெருக்கிக் குறுக்க வேண்டாம். அட்டையில் மேலும் கீழுமாக அடுக்கினால் நீளம் உறுத்தாது. தையலுக்கென்று தனிப் பிரதி வேண்டும்: ண, ழ, ஞ போன்றவற்றின் சுழிக்குள் இடைவெளி 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நூல் அதை மூடிவிடும். கோட்டை மெலிதாக்காதீர்கள், சுழியைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: லோகோவில் கொழுந்து வைக்கலாமா? சிங்க முத்திரை?
– தலவாக்கலை வாசகர்

பதில்: இரண்டு இலையும் ஒரு மொட்டும் மலையகத்தில் கடைக்குக் கடை இருக்கிறது. தேயிலைப் பொதி வடிவமைப்புத்தான் உங்கள் தொழிலென்றால் வையுங்கள். இல்லாவிட்டால் உங்களைத் தேயிலைக் கடை என்றே நினைப்பார்கள். பச்சையிலும் கவனம் வேண்டும்: திரையில் பளபளக்கும் இளம் பச்சை நான்கு வர்ண அச்சில் மங்கிவிடும். அந்த நான்கு அச்சு வர்ணங்களின் கலவையான சீ.எம்.வை.கே.யில் தெரிவு செய்து, ஓர் அட்டையாவது அச்சடித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

சிங்க முத்திரை வேண்டவே வேண்டாம். அது இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. இலங்கையிலேயே பொதி செய்த, முழுவதும் இலங்கைத் தேயிலைக்கே அனுமதி. சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் தொடங்குவதானால், அட்டை அடிக்கும் முன் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவை விசாரித்துக்கொள்ளுங்கள்.